கதைக் கோட்டையும் மண் கோட்டையும்

தமிழ் நாவல் வாசிக்கிறவர்களுக்குத் தஞ்சாவூர்க் கோட்டையை நன்றாகத் தெரியும். தஞ்சாவூருக்கு ஒரு தடவைகூடப் போகாதவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். உயர்ந்த மதில், ஆழமான அகழி, வாசலில் பனை இலச்சினையைப் பார்த்துவிட்டு வழிவிடும் காவலர்கள், உள்ளே மாளிகைகள் வரிசை வரிசையாக நிற்கும் வீதிகள், பெரிய பழுவேட்டரையரின் அரண்மனைக்கு அடியில் பொன்னும் மணியும் குவிந்து கிடக்கும் நிலவறை. 1950-ல் ‘கல்கி’ பத்திரிகையில் ‘பொன்னியின் செல்வன்’ வரத் தொடங்கியது முதல் மூன்று தலைமுறைத் தமிழர்கள் வந்தியத்தேவனோடு அந்தக் கோட்டைக்குள் நுழைந்து, வந்தியத்தேவனோடு தப்பியும் வந்திருக்கிறார்கள்.

அந்தக் கோட்டை தஞ்சாவூரில் இல்லை. சோழ அரசர்கள் வாழ்ந்த அரண்மனையின் ஒரு சுவர்கூட இன்று அங்கே தரைக்கு மேல் நிற்கவில்லை. நாம் போய்ப் பார்க்கிற கோட்டையும் அரண்மனையும் நாயக்கர்கள் கட்டி, மராட்டியர்கள் வாழ்ந்து, கம்பெனியார் பிடுங்கிக்கொண்ட கோட்டையும் அரண்மனையுமே. ராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டி முடித்த 1010-ம் வருஷத்துக்கும் சேவப்ப நாயக்கர் தஞ்சையில் ஆட்சியைத் தொடங்கிய 1532-க்கும் இடையே ஐந்நூறு வருஷங்களுக்கு மேல் ஓடியிருக்கின்றன. நமக்கும் சேவப்ப நாயக்கருக்கும் உள்ள தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

“இருக்கட்டுமே, கதைதானே? கதையில் வரும் கோட்டைக்கு யார் பட்டா கேட்கிறார்கள்?” என்று வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. கதை கதையாகவே நின்றுவிட்டால் நானும் கேட்க மாட்டேன். ஆனால் சரித்திரக் கதை அப்படி நிற்பதில்லை. புத்தகத்தை மூடிய பிறகும் அது வாசகனோடு ரயிலேறி வருகிறது. எதைப் பார்ப்பது, எதைப் பார்க்காமல் விடுவது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. நாளடைவில் எதை இடிப்பது, எதைக் காப்பாற்றுவது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. அதனால்தான் கோட்டைகளைப் பற்றிப் பேச ஒரு கதைக்காரன் முன்வருகிறேன்.

தஞ்சை அரண்மனையில் ஒரு நாள் ஒரு குடும்பத்துக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. பத்து வயதுப் பையன், “வந்தியத்தேவன் ஒளிஞ்சிருந்த நிலவறை எதுங்க?” என்று கேட்டான். வழிகாட்டி ஒரு கணமும் தயங்கவில்லை. ஒரு மூலையில் இருந்த செங்கல் வளைவைக் காட்டி, “அதுதான் தம்பி சுரங்கம். பழையாறை வரைக்கும் போகுது. இப்ப மூடிட்டாங்க” என்றார். தமிழ்நாட்டில் மூடப்படாத சுரங்கத்தை இதுவரை நான் பார்த்ததில்லை. பையனுக்குப் பரம திருப்தி. அவன் தலைக்கு மேல் எழும்பி நின்ற கூட கோபுரத்தை யார் கட்டினார்கள் என்று அவனும் கேட்கவில்லை; அவன் தகப்பனாரும் கேட்கவில்லை. சோழன் கட்டியதென்றே நினைத்திருப்பார்கள். வழிகாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். வந்தவர்கள் எதற்குக் காசு கொடுக்கிறார்களோ அதைத்தானே அவர் காட்ட முடியும்?

கல்கியையும் நான் குறை சொல்ல வரவில்லை. அவர் செய்தது நேர்மையான காரியம். எது சரித்திரம், எது தம் சிருஷ்டி என்று முடிவுரையில் வாசகர்களோடு பேசிவிட்டே விடைபெற்றார். தஞ்சையில் சோழ மாளிகை எதுவும் மிஞ்சவில்லை என்பது அவருக்குத் தெரியாத விஷயமல்ல. மிஞ்சாததனால்தான் அவருக்கு அவ்வளவு சுதந்தரம் கிடைத்தது. காலி மனையில் தம் விருப்பப்படி வீடு கட்டினார். மணியத்தின் சித்திரங்கள் அந்த வீட்டுக்குச் சுவரும் கதவும் வைத்துக் கொடுத்தன. பிற்பாடு வந்தவர்கள் அந்த வீட்டையே மாதிரியாக வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கட்டிக்கொண்டே போனார்கள். என் புகார் அவர்கள்மேல்.

சரித்திரத் தொடர்கதைகளில் ஒரு பத்தை எடுத்து, கோட்டை வரும் இடங்களை மட்டும் படித்துப் பாருங்கள். காஞ்சி என்றாலும், மதுரை என்றாலும், தஞ்சை என்றாலும் கோட்டை ஒன்றேதான். ஒரே அகழி, ஒரே நந்தவனம், ஒரே இரகசிய வழி, தீவர்த்தியின் ஒரே வெளிச்சம். பாலாற்று மணலில் கட்டிய கோட்டைக்கும் காவேரி வண்டலில் கட்டிய கோட்டைக்கும் வித்தியாசமில்லை. மழை பெய்தால் சுவர் ஊறுவதில்லை. யாரும் சுண்ணாம்பு அரைப்பதில்லை. காவலனுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. நெல் விளையும் நாட்டில் கோட்டை என்பது முதலில் ஒரு பெரிய நெற்குதிர், அப்புறம்தான் போர்க்களம். அந்த நெல் ஒரு மரக்கால்கூட நம் சரித்திர நாவல்களின் கோட்டைகளுக்குள் வந்து சேர்வதில்லை.

கங்கைகொண்ட சோழபுரத்தில் மாளிகைமேடு என்ற இடத்தைத் தமிழகத் தொல்லியல் துறையினர் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். 1980-களில் ஒரு முறை, சமீப வருஷங்களில் மறுபடியும். ராஜேந்திர சோழனின் அரண்மனை இருந்த இடம் அது. கிடைத்தவை செங்கல் அஸ்திவாரங்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனத்துப் பீங்கான் துண்டுகள். கடல் கடந்து படை அனுப்பிய சக்கரவர்த்தி செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாக வாழ்ந்திருக்கிறான். கருங்கல்லைக் கடவுளுக்கு விட்டிருக்கிறான். ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட நல்ல விஷயம் வேறென்ன வேண்டும்? நம் கதைகளிலோ அரசனும் பளிங்கில்தான் நடக்கிறான்.

‘பொன்னியின் செல்வன்’ 2022-லும் 2023-லும் இரண்டு பாகங்களாகத் திரைக்கு வந்தபோது, சில காட்சிகளை மத்தியப் பிரதேசத்தில் உள்ள ஓர்ச்சாவில் எடுத்தார்கள். ஓர்ச்சா பந்தேலா ராஜபுத்திரர்களின் தலைநகரம். அதே பந்தேலா குலத்தில் வந்தவன்தான் நம் செஞ்சி தேசிங்கு. சோழன் வீட்டைத் தேடிப் புறப்பட்ட நாம் கடைசியில் தேசிங்கின் பாட்டன்மார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்! படக்காரர்களுக்கு வேறு வழியில்லை. படம் பிடிக்க நிற்கிற சுவர் வேண்டும். ஆனால் பார்த்துவிட்டு வந்த ஜனங்கள் மனத்தில் இனிமேல் தஞ்சைக் கோட்டை ஓர்ச்சாக் கோட்டையாகத்தான் இருக்கும்.

இனி, இருக்கிற கோட்டைக்கு வருவோம்.

தஞ்சையில் இரண்டு கோட்டைகள். பெரிய கோயிலையும் சிவகங்கைக் குளத்தையும் அணைத்துக்கொண்டிருப்பது சின்னக் கோட்டை. அரண்மனையையும் பழைய ஊரையும் சூழ்ந்திருந்தது பெரிய கோட்டை. உள்ளே நான்கு ராஜ வீதிகள். ராஜ வீதிகளுக்கு அப்பால், மதிலை ஒட்டி, கீழ அலங்கம், மேல அலங்கம், வடக்கு அலங்கம், தெற்கு அலங்கம். அலங்கம் என்றால் கொத்தளம், கோட்டை மதில். மதில் பெரும்பாலும் சரிந்தும் இடிபட்டும் போன பிறகும் அதன் பெயர் தெருப் பெயராக நிற்கிறது. தபால்காரர் நாள்தோறும் அந்த மதிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். கீழவாசல் பக்கத்தில் பீரங்கி மேட்டின்மேல் இரகுநாத நாயக்கர் காலத்து ராஜகோபாலப் பீரங்கி கிடக்கிறது. இருபத்தைந்து அடி நீளம், இருபது டன்னுக்கு மேல் கனம். வார்ப்படம் அல்ல; இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி, வளையம் வளையமாக அடித்து இணைத்துச் செய்தது. எத்தனையோ ஐப்பசி மழை அதன்மேல் பெய்திருக்கிறது. இரும்பு இன்னும் கரையவில்லை. அதை அடித்த கொல்லர்களைப் பற்றித் தமிழில் யார் நாவல் எழுதியிருக்கிறார்கள்?

இந்தக் கோட்டைக்குச் சம்பவங்களுக்கும் பஞ்சமில்லை. 1673-ல் மதுரைச் சொக்கநாத நாயக்கரின் படை உள்ளே நுழைந்தது. முதியவரான விஜயராகவ நாயக்கர் போரிட்டு மாண்டார். அந்தப்புரத்தை வெடி வைத்துத் தகர்க்கச் சொல்லிவிட்டே அவர் களத்துக்குப் போனார் என்று இன்றும் ஊரில் வழங்குகிறது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து முற்றுகை போட்டார். அவர் கையில் இருந்தது ஒரு பழைய கடன் பத்திரம். வட்டியும் முதலுமாகப் பணம் கேட்டுப் பீரங்கியோடு வந்த வசூல்காரர். மருந்தும் குண்டும் குறைந்து, இங்கிலீஷ் கப்பல்கள் காரைக்கால் பக்கம் தென்பட்டதும் திரும்பிப் போனார். 1773-ல் ஆர்க்காட்டு நவாபுக்காகக் கம்பெனிப் படை கோட்டையைப் பிடித்தது. 1776-ல் துளஜா மகாராஜாவிடமே திரும்பவும் வந்தது. 1799 உடன்படிக்கையில் சரபோஜி மகாராஜா நாட்டு நிர்வாகத்தைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்து, கோட்டையையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டும் வைத்துக்கொண்டார். நாடில்லாத கோட்டை, போரில்லாத ராஜா. அவர் சுவடி வாங்கினார்.

சுவடிதான் அரண்மனையைக் காப்பாற்றியது. இதை நான் அலங்காரமாகச் சொல்லவில்லை. 1855-ல் கடைசி மகாராஜா சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தார். கம்பெனி ராஜ்யத்தோடு ராஜாவின் சொந்தச் சொத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. ராணி காமாட்சி பாயி சாகிபா வழக்குப் போட்டார். வழக்கு லண்டனில் பிரிவி கவுன்சில் வரை போய், 1859-ல் இது அரசாங்கத்தின் செயல், கோர்ட்டார் விசாரிக்க இடமில்லை என்று தீர்ப்பாயிற்று. சொந்தச் சொத்து பின்னால் 1862-ல் குடும்பத்துக்குத் திரும்பியது. அரண்மனை பங்காளிகள் கைக்குப் போய்த் துண்டுபட்டது. ஆனால் சரஸ்வதி மகால் 1918-ல் பொது நூலகமாயிற்று. 1951-ல் கலைக்கூடம் வந்தது. சுவடிக்கு ஒழுகாத கூரை வேண்டும். சிலைக்கு விழாத சுவர் வேண்டும். கடற்கரையில் ஒதுங்கிய திமிங்கிலம் ஒன்றின் எலும்புக்கூட்டுக்குக்கூட அரண்மனையில் ஓர் இடம் கிடைத்தது. யாருக்காவது உபயோகப்பட்ட பகுதி நின்றது. மதில் யாருக்கும் உபயோகப்படவில்லை, அது போயிற்று.

கோயிலுக்கும் கோட்டைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கோயிலுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அவர் சாவதில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகம் என்று ஊரார் கூடுவார்கள். செடி முளைத்தால் பிடுங்குவார்கள், விரிசல் கண்டால் பூசுவார்கள். கோட்டையின் சொந்தக்காரன் அரசன். அவன் போனால் கோட்டை அநாதை. அதற்குக் கும்பாபிஷேகம் கிடையாது, உபயதாரர் கிடையாது. முளைத்த ஆலங்கன்று மரமாகிச் சுவரைப் பிளக்கும்வரை யாரும் கேட்பதில்லை. அடுத்து வீடு கட்டுகிறவன் கண்ணில் அது ஒரு கல் களஞ்சியம்.

சில சமயம் கோயில் மதிலுக்கே அந்தக் கதி வந்திருக்கிறது. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலின் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஜனங்கள் தடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. இதைக் கேட்டவுடன் நமக்கு ரத்தம் கொதிக்கிறது. கொதிக்கட்டும், ஆனால் மேலே ஒரு விஷயத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கீழணையிலிருந்துதான் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. வீராணம் எந்த ஏரி? ஆடிப் பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரைமேல் வந்து, கடல் போல் பரந்த நீரைக் கண்டு வியந்து நிற்கிறானே, அதே வீரநாராயண ஏரிதான். ராஜேந்திரன் மதிலின் கல் அவன் எள்ளுப்பாட்டன் ஏரிக்குத் தண்ணீர் தேக்கப் போயிருக்கிறது. இதைக் கொள்ளை என்பதா, திருப்பணி என்பதா? காட்டுமன்னார்கோயில் குடியானவர் ஒருவரிடம் கேட்டால் ஒரு பதில் கிடைக்கும். கல்வெட்டு ஆராய்ச்சிக்காரரிடம் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். இரண்டையும் ஒரே கதையில் வைத்து எழுதக்கூடியவன் உண்மையான சரித்திர நாவலாசிரியன். அவன் இன்னும் வரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

கதை கல்லையும் மாற்றிவிடும் என்று சொன்னேனே, அதற்கு ஐரோப்பாவில் சாட்சி இருக்கிறது. வால்டர் ஸ்காட் 1821-ல் ‘கெனில்வொர்த்’ எழுதிய பிறகு, இடிந்து கிடந்த அந்தக் கோட்டைக்கு ஜனங்கள் புத்தகமும் கையுமாக வரத் தொடங்கினார்கள். விக்டர் ஹ்யூகோ 1831-ல் நோத்ருதாம் தேவாலயத்தைப் பற்றி நாவல் எழுதினார். அடுத்த பதினைந்து வருஷத்துக்குள் அதைப் பழுது பார்க்கும் வேலை தொடங்கியது. அந்த வேலையை நடத்தியவர்களில் ஒருவர் வியோலே-லெ-துக். அவர் பிறகு பிரான்சின் தெற்கே கார்க்கசோன் கோட்டையையும் எடுத்துச் செப்பனிட்டார். இடிந்த கட்டடத்தை முழுமையாக்குவது என்றால், எந்தக் காலத்திலுமே இருந்திராத ஒரு முழுமையைக்கூட அதற்குக் கொடுக்கலாம் என்பது அவர் சித்தாந்தம். கார்க்கசோன் கோபுரங்களுக்கு வடநாட்டு வழக்கப்படி கூம்பாகப் பலகைக்கல் கூரை போட்டுவிட்டார். தெற்கத்திக் கட்டடங்களுக்கு அது பொருந்தாது என்று விஷயம் தெரிந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். சித்திரக் கதையில் வரும் கோட்டை மாதிரியே இருக்கிறது என்று ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். இங்கிலாந்தில் ரஸ்கின் இந்த வித்தையை வெறுத்தார். பழையதைப் பழையதாகவே தாங்கி நிறுத்து, புதிதாகச் செய்து பழையதென்று சொல்லாதே என்றார். வியோலே-லெ-துக் கெட்டிக்காரர், உழைப்பாளி, அவர் இல்லாவிட்டால் கார்க்கசோன் இன்று நின்றிருக்குமா என்பதே சந்தேகம். இருந்தாலும் அவர் செய்தது கல்லில் எழுதிய சரித்திர நாவல். அதுவும் முடிவுரை இல்லாத நாவல்.

நம் பக்கத்திலும் மூன்று மாதிரிகள் உண்டு. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் இரகுநாத நாயக்கரின் சம்மதத்தோடு டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845-ல் இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். வெகுகாலம் அது பிரயாணிகள் தங்கும் பங்களாவாக இருந்தது. பிறகு தமிழகத் தொல்லியல் துறை ஏற்றது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கிலிருந்தே ஆட்கள் வந்து பழுது பார்க்கக் கைகொடுத்தார்கள். கட்டியவனின் சந்ததி கடல் தாண்டி வந்து கோட்டைக்குச் சுண்ணாம்பு பூசுவது அபூர்வமான பாக்கியம். மதுக்கூருக்கும் பேராவூரணிக்கும் தெற்கே, மல்லிப்பட்டினத்துக் கடற்கரையில், போர் தொடுக்க உரிமையில்லாத சரபோஜி மகாராஜா நெப்போலியனின் வீழ்ச்சியைக் கொண்டாட எழுப்பிய மனோரா நிற்கிறது. அகழியும் உண்டு, மதிலும் உண்டு, எதிரிதான் இல்லை. அதைக் கட்டும்போதே அது ஒரு கதைக் கோட்டை. ஆகையால் அதைக் காப்பதில் சிக்கலில்லை.

செஞ்சி வேறு. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் ஒன்றாகச் செஞ்சி சேர்ந்தது. மராட்டியரின் இராணுவக் கோட்டைகள் என்ற வரிசையில் பன்னிரண்டு கோட்டைகள். மற்ற பதினொன்றும் மகாராஷ்டிரத்தில், செஞ்சி ஒன்று நம்முடையது. சந்தோஷமான செய்திதான். ஆனால் மராட்டியர் செஞ்சியை வைத்திருந்தது 1677 முதல் 1698 வரை, இருபத்தோரு வருஷம். கோனார்கள், விஜயநகரத்தார், நாயக்கர்கள், பீஜப்பூரார், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், இங்கிலீஷ்காரர் எல்லோரும் அந்த மலைமேல் ஏறியிருக்கிறார்கள். ராஜாராமைப் பிடிக்க மொகலாயப் படை எட்டு வருஷம் கீழே உட்கார்ந்திருந்தது. தமிழ் ஜனங்களோ 1714-ல் மாண்ட தேசிங்கையும் அவன் குதிரையையும் மட்டுமே பாட்டில் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் இருபத்தோரு வருஷத்தைப் பலகையில் எழுதுகிறார். இன்னொருவர் ஒரே ஒரு வீரனைப் பாட்டில் வைக்கிறார். மீதி நூற்றாண்டுகளைச் செஞ்சியின் பாறைதான் சுமக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் எப்படித்தான் காப்பாற்றுவது? ரஸ்கினிடம் போக வேண்டியதில்லை. கதைக்காரன் கடைப்பிடிக்க வேண்டிய விதியும் கொத்தனார் கடைப்பிடிக்க வேண்டிய விதியும் காவேரிக் கரையிலேயே ஒரு பெண்மணி ஆயிரம் வருஷத்துக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு அவர் நன்கு பழக்கமானவர்: செம்பியன் மாதேவி. செங்கல் தளிகளைக் கற்றளிகளாக மாற்றிக் கட்டியவர். திருக்கோடிகாவில் அப்படிக் கட்டும்போது பழைய கோயிலில் இருந்த கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் திரும்ப வெட்டச் சொன்னார். வெட்டியதோடு நிற்கவில்லை, இது பழைய கல்லிலிருந்து எடுத்த படி என்ற குறிப்பையும் கூடவே வெட்டவைத்தார். பழையது அழியாமல் இருக்க வேண்டும்; ஆனால் புதியது தன்னைப் பழையது என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. இதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தை இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு குறிப்பு இருந்திருந்தால் கார்க்கசோன் கூரைமேல் யாருக்கும் சண்டை இல்லை. தஞ்சை அரண்மனையில் அந்தப் பையனுக்கும் சோழன் யார், நாயக்கன் யார் என்று தெரிந்திருக்கும்.

இந்த அளவுகோலை நாவலுக்கும் வைக்கலாம் என்பது என் கட்சி. கற்பனை வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரிய கோயில் கல்வெட்டில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக இருக்கின்றன. எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று கணக்கு இருக்கிறது. ஒவ்வொருத்திக்கும் வருஷத்துக்கு நூறு கலம் நெல் என்றும் இருக்கிறது. ஊருக்கு உள்ளாலை எது, புறம்படி எது என்று பிரித்துச் சொல்லியிருக்கிறது. சோழர் தஞ்சையின் சுவர் போய்விட்டது, விலாசம் போகவில்லை. நானூறு வீட்டுக் கதவுகள் திறந்திருக்க, நம் எழுத்தாளர்கள் ஏன் மூடின சுரங்கத்தையே தட்டிக்கொண்டிருக்க வேண்டும்?

மேல அலங்கத்தில் ஒரு மாலை நடந்துகொண்டிருந்தபோது, மண்மேட்டின்மேல் வீடு கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். “கோட்டைச் சுவர் இது வரைக்கும் வருகிறதா அம்மா?” என்று கேட்டேன். “கோட்டைன்னா செஞ்சியில இருக்கு தம்பி. இது அலங்கம்” என்றார். மாமியார் காலத்திலிருந்து அங்கேதான் இருக்கிறார்களாம். அவர் உட்கார்ந்திருந்த மேட்டுக்குக் கீழேதான் லாலியின் குண்டுகளைத் தாங்கிய மதில் இருக்கிறது. அலங்கத்தின்மேலும் அகழிக் கரையிலும் இப்படித் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் இருக்கின்றன. அரசாங்கக் காகிதத்தில் அதற்கு ஆக்கிரமிப்பு என்று பெயர். சுவரைத் தோண்டிக் கொல்லை போட்டால் சுவர் போகும் என்பது வாஸ்தவம்; அவர்களை அங்கேயே விட்டுவிட்டுக் கோட்டையையும் காப்பது சுலபமான காரியமல்ல. ஆனால் அவர்களை அப்புறப்படுத்திவிட்டு அந்த இடத்தில் சினிமாவில் பார்த்த மாதிரி ஒரு மதிலையும் வர்ண விளக்கையும் வைத்தால், போனது இரண்டாகும்: குடியிருந்தவர்களின் வீடும் போகும், உண்மையான கோட்டையும் போகும். அதற்குப் பிறகு அலங்கம் என்ற சொல்லைச் சொல்ல அங்கே யார் இருப்பார்கள்? அவர்களுக்கு நல்ல வீடு கட்டிக் கொடுத்த பிறகு மதிலைத் தொடுங்கள்; தொட்ட பிறகு புதுச் செங்கல் எது, பழஞ்செங்கல் எது என்று எழுதி வையுங்கள். செம்பியன் மாதேவிக்கு முடிந்தது நமக்கும் முடியும்.

கடைசியாக, எழுதுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு கல்வெட்டு திருவெள்ளறையில் இருக்கிறது. 1216-ல் பட்டமேறிய மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோழநாட்டின்மேல் படையெடுத்துத் தஞ்சையையும் உறந்தையையும் எரித்தான். மாடங்களை இடித்தான், மண்டபங்களைத் தகர்த்தான். நாம் கதைகளில் தேடிக்கொண்டிருக்கிற சோழ மாளிகைகள் அன்றைக்கே போய்விட்டன. அத்தனையும் இடித்தவன் ஒரே ஒரு பதினாறுகால் மண்டபத்தை மட்டும் தொடவில்லை என்று அந்தக் கல்வெட்டு சொல்கிறது. பட்டினப்பாலை பாடியதற்காகக் கண்ணனாருக்குக் கரிகாலன் கொடுத்த மண்டபமாம் அது. பகை அரசனின் படை, ஆயிரம் வருஷத்துப் பழைய பாட்டு ஒன்றை நினைத்து ஒதுங்கிப் போயிருக்கிறது. அந்தப் பாட்டில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் காயும் நெல் இருக்கிறது, அதைக் கொத்த வரும் கோழி இருக்கிறது, துறைமுகத்தில் இறங்கிய மூட்டைகளுக்கு இலச்சினை வைக்கும் சுங்கக்காரர்கள் இருக்கிறார்கள். கண்ணால் பார்த்ததை எழுதிய பாட்டு அது. பதினாறுகால் மண்டபம் இன்று இல்லை. பட்டினப்பாலை இருக்கிறது.